காக்கிச் சட்டைக்கும் கணக்கு உண்டு!

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில், கீரனூருக்கு முன்பாக வருகிறது நார்த்தாமலை. சோழர் காலத்துக் கோயில்கள் நிறைந்த பாறை மலைகள். கல்லுடைப்பவர்களும் விவசாயிகளும் வாழும் ஊர்கள்.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி காலை. அங்கே ஒரு வீட்டில் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அது அவனுடைய தாத்தா வீடு. திடீரென்று ஒரு துப்பாக்கிக் குண்டு பறந்து வந்து அவன் தலையில் பாய்ந்தது.

சிறுவனுக்கு யாரும் பகையாளி இல்லை. அவனை யாரும் குறி வைக்கவும் இல்லை. பக்கத்தில் பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் ஒன்று இருந்தது. போலீசாரும் மத்திய அரசின் படையினரும் அங்கே சுட்டுப் பழகுவது வழக்கம். அன்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினருக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். டாக்டர்கள் ஆபரேஷன் செய்து குண்டை எடுத்தார்கள். பலனில்லை. 2022 ஜனவரி 3-ந் தேதி சிறுவன் இறந்து போனான்.

ஊர் மக்கள் கொதித்து எழுந்தார்கள். தளத்தை மூட வேண்டும் என்றார்கள். கலெக்டர் பயிற்சியை நிறுத்தி உத்தரவிட்டார். முதலமைச்சர் பத்து லட்சம் ரூபாய் உதவி அறிவித்தார்.

பணம் கொடுத்தாகிவிட்டது. பயிற்சியையும் நிறுத்தியாகிவிட்டது. இத்துடன் கணக்குத் தீர்ந்ததா?

தீரவில்லை. சுட்டவர் யார்? சுடச் சொன்னவர் யார்? குண்டு ஊர்ப்பக்கம் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டிய அதிகாரி யார்? பெற்றவர்கள் இப்படிக் கேட்கத்தான் கேட்பார்கள். அரசாங்கத்தின் துப்பாக்கியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு குண்டுக்கும் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். துப்பாக்கிக்கு மட்டுமல்ல; லத்திக்கும் அப்படித்தான்.

படியேறக் கூசும் கால்

"கோர்ட்டு வாசலையும் போலீஸ் வாசலையும் மிதிக்காமல் வாழ வேண்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தை சோறு உண்ண மறுத்தால் தாய்மார் என்ன சொல்கிறார்கள்? "போலீஸ்காரரைக் கூப்பிடுவேன்" என்கிறார்கள். பூச்சாண்டிக்கு அடுத்த இடம் போலீசுக்கு!

"காவல்துறை உங்கள் நண்பன்" என்று சுவரில் எழுதியிருக்கிறது. ஆனால் ஆடு திருடு போனால், பறிகொடுத்தவரே ஸ்டேஷனுக்குப் போக யோசிக்கிறார். "போன ஆடு போகட்டும், நம்மையே உட்கார வைத்து விசாரித்தால் என்ன செய்வது?" என்று நினைக்கிறார். கூட ஒரு கட்சிக்காரரையோ, ஊர்ப் பெரிய மனிதரையோ அழைத்துக்கொண்டுதான் போகிறார்.

இந்தப் பயம் வெறும் கற்பனையா? இல்லை. பயப்படுகிறவர்களிடம் காரணம் இருக்கிறது.

புதுக்கோட்டைக்குப் பக்கத்து மாவட்டம் சிவகங்கை. அங்கே திருப்புவனம் அருகே மடப்புரத்தில் பெயர்பெற்ற காளி கோயில் உண்டு. 2025 ஜூன் மாதம், அந்தக் கோயிலுக்கு வந்த ஒருவரின் நகை காணாமல் போயிற்று. கோயில் காவலாளியாக வேலை பார்த்த இளைஞரைத் தனிப்படைப் போலீசார் பிடித்து விசாரித்தார்கள். ஜூன் 28-ந் தேதி அந்த இளைஞர் பிணமானார். அவரைக் கம்பால் அடிக்கும் காட்சியை யாரோ மறைந்திருந்து செல்போனில் பிடித்திருந்தார்கள். நாடே அதைப் பார்த்துப் பதைத்தது. மதுரை ஐகோர்ட்டு கடுமையாகக் கண்டித்தது. போலீசார் ஐந்து பேர் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று.

காணாமல் போனது நகை. அதைத் தேடப் போய் ஒரு தாய் மகனை இழந்தாள்!

1,959 பிராதுகள்

இந்த நோய் நேற்று வந்ததல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலத்திலேயே இருந்தது.

அன்று வரி வசூல் செய்தவர்களும் போலீஸ் வேலை பார்த்தவர்களும் ஒரே ஆட்கள்தான். தாசில்தாரும் அவரிடம் இருந்த சேவகர்களும் வரி பாக்கிக்காரரையும் அடித்தார்கள். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவரையும் அடித்தார்கள்.

அடிக்கும் முறைகளுக்குப் பெயர்கள் கூட இருந்தன. "கிட்டி" என்பது ஒன்று. இரண்டு கட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் விரல்களை வைத்து எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் நெரிப்பார்கள். "அண்ணந்தாள்" என்பது இன்னொன்று. கழுத்தையும் கால்விரல்களையும் கயிற்றால் இணைத்துக் கட்டி, நிமிர முடியாதபடி குனிய வைத்துவிடுவார்கள். வெயிலில் நிறுத்துவதும், முதுகில் கல்லேற்றுவதும் உண்டு.

சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்ற வியாபாரி இருந்தார். 1852-இல் அவரும் நண்பர்களும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இந்தக் கொடுமைகளை லண்டன் பார்லிமெண்டு வரைக்கும் எட்டச் செய்தார்கள். அங்கிருந்து ஓர் உறுப்பினர் நேரில் வந்தும் பார்த்தார். 1854-இல் பார்லிமெண்டில் விவாதம் எழுந்தது. கம்பெனியார் இனி மறைக்க முடியவில்லை. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள்.

கமிஷனுக்கு வந்த பிராதுகள் எத்தனை தெரியுமா? 1,959! அவற்றில் 519 பேர் நேரில் வந்தவர்கள். மற்றவை கடிதங்கள். ரயில் இல்லாத காலம் அது. ஏழைக் குடியானவர்கள் வெகுதூரம் நடந்து சென்னைக்கு வந்து, பட்ட பாட்டைச் சொல்லி அழுதார்கள்.

1855-இல் கமிஷனின் அறிக்கை வெளிவந்தது. கொடுமைகள் உண்மை என்று அது ஒப்புக்கொண்டது. வரி வசூலையும் போலீஸ் வேலையையும் பிரிக்க வேண்டும் என்றது. அதன் பிறகு 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. தமிழ்நாட்டுப் போலீஸ் படையின் பிறப்புக்குக் காரணங்களில் ஒன்று, குடியானவர்கள் தைரியமாகக் கொடுத்த பிராதுதான்!

போலீசிடம் ஒப்புக்கொண்டால் செல்லாது

அந்தக் காலத்திலேயே இன்னொரு நல்ல விதியும் பிறந்தது. போலீசாரிடம் ஒருவர் "நான்தான் குற்றம் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டால், அதை வைத்து அவரைத் தண்டிக்க முடியாது. 1872-இல் வந்த சாட்சியச் சட்டத்தில் இது இருந்தது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் இது இருக்கிறது.

ஏன் இப்படி ஒரு விதி? அடிக்குப் பயந்து, செய்யாத குற்றத்தையும் மனிதன் ஒப்புக்கொள்வான். இதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

அப்படியானால் அடிப்பது ஏன் நிற்கவில்லை? சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. பிடிபட்டவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கிடைத்தால், அது சம்பந்தமாக அவர் சொன்ன பகுதி மட்டும் கோர்ட்டில் செல்லும். "நகையை எங்கே ஒளித்தாய்?" என்ற கேள்வியோடு லத்தி எழுவது இதனால்தான்.

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று பழமொழி சொல்வார்கள். ஆனால் அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் யாருக்கு லாபம்? உண்மையான திருடனுக்குத்தான். நிரபராதி அடிபட்டுக் கொண்டிருக்கும்போது திருடன் ஊர் தாண்டிப் போய்விடுகிறான்.

வாச்சாத்தி: பத்தொன்பது ஆண்டு காத்திருப்பு

"அதிகாரிகளை எதிர்த்து ஏழை ஜெயிக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் வாச்சாத்தியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தர்மபுரி மாவட்டத்தில், அரூர் பக்கம் இருக்கும் மலையடிவாரக் கிராமம் வாச்சாத்தி. அங்கே வாழ்பவர்கள் பழங்குடி மக்கள். 1992 ஜூன் 20-ந் தேதி, வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த்துறையினரும் படையாகப் புகுந்தார்கள். சந்தனக் கட்டை தேடுவதாகச் சொன்னார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். ஆண், பெண், கிழவர் என்று பாராமல் அடித்தார்கள். பதினெட்டுப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் ஜெயிலுக்கு அனுப்பப்பட்டார்கள்.

"அப்படி எதுவும் நடக்கவே இல்லை" என்றார்கள் அதிகாரிகள்.

மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் கம்யூனிஸ்டுக் கட்சியினரும் வழக்குத் தொடுத்தார்கள். 1995-இல் ஐகோர்ட்டு சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 155 பேர் வனத்துறையினர்; 108 பேர் போலீசார்; 6 பேர் வருவாய்த்துறையினர்.

வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்தே போனார்கள். 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள்! ஒருவர் கூடத் தப்பவில்லை.

அவர்கள் ஐகோர்ட்டுக்கு அப்பீல் போனார்கள். நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே சென்று பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ந் தேதி அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பதினெட்டுப் பெண்களுக்கும் தலா பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றார். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றார். அன்று மாவட்டத்தில் கலெக்டராகவும் போலீஸ் சூப்பிரண்டாகவும் இருந்தவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

ஜெயித்தார்கள், உண்மை. ஆனால் முதல் தீர்ப்புக்கே பத்தொன்பது ஆண்டு! ஐகோர்ட்டுத் தீர்ப்புக்கு முப்பத்தொரு ஆண்டு! இளம் பெண்ணாக இருந்து பிராது கொடுத்தவள், தலை நரைத்த பிறகு நீதியைக் கண்டாள். இத்தனை ஆண்டுக் காலதாமதமும் ஒரு தண்டனைதான். அந்தத் தண்டனையை அனுபவித்தவர்கள் குற்றமற்றவர்கள்.

சாத்தான்குளத்தில் சாட்சி சொன்ன பெண்

2020-இல் கொரோனா ஊரடங்கு. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமாக ஒரு செல்போன் கடை நடத்தி வந்தார்கள். அனுமதித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜூன் 19-ந் தேதி போலீசார் பிடித்துப் போனார்கள். மறுநாள் மாஜிஸ்டிரேட்டு ரிமாண்டு செய்தார். இருவரும் கோவில்பட்டிக் கிளை ஜெயிலில் அடைக்கப்பட்டார்கள். ஜூன் 22-ந் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தந்தையும் இறந்தார்.

யாரும் மனுப் போடுவதற்குக் காத்திராமல், மதுரை ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஸ்டேஷனுக்குப் போய் விசாரிக்கும்படி கோவில்பட்டி மாஜிஸ்டிரேட்டை அனுப்பியது. அங்கே அவருக்கே மரியாதை இல்லை! போலீசார் ஒத்துழைக்கவில்லை. காமிராவில் பதிவான காட்சிகள் தினந்தோறும் தாமாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தன.

ஐகோர்ட்டு அடுத்த உத்தரவைப் போட்டது. சாட்சியங்கள் அழியாமல் இருக்க, அந்தப் போலீஸ் ஸ்டேஷனை வருவாய்த்துறை அதிகாரிகள் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. போலீஸ் ஸ்டேஷனையே தாசில்தார் காவல் காத்தார். இதற்கு முன் தமிழ்நாடு காணாத காட்சி!

இந்த வழக்கில் உண்மை வெளிவர உதவியவர்களில் ஒருவர் யார்? அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். அந்த இரவில் தாம் கண்டதை அவர் மாஜிஸ்டிரேட்டிடம் வாக்குமூலமாகக் கொடுத்தார். கூட வேலை பார்ப்பவர்களுக்கு எதிராகப் பேசுவது எளிதா? அவருக்கும் குடும்பம் உண்டு, குழந்தைகள் உண்டு. ஐகோர்ட்டு அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது.

சி.பி.ஐ. ஒன்பது போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அவர்களில் இன்ஸ்பெக்டரும் ஒருவர். பத்தாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் கொரோனாவில் இறந்துவிட்டார். மதுரைக் கோர்ட்டில் வழக்கு நடந்தது.

அதே ஆண்டு மே மாதம், கடல் கடந்த அமெரிக்காவில் என்ன நடந்தது? ஒரு கறுப்பு மனிதரைக் கீழே தள்ளி, அவர் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிஷம் முழங்காலை வைத்து அழுத்தினார். அந்த மனிதர் மூச்சுத் திணறி இறந்தார். வழியோடு போன பதினேழு வயதுப் பெண் அதைச் செல்போனில் படம் பிடித்தாள். அதிகாரிக்கு இருபத்திரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. சாத்தான்குளமானாலும் அமெரிக்காவானாலும், சாட்சி சொல்ல ஒருவர் துணிந்தால்தான் கணக்குக் கேட்க முடிகிறது.

ஒரு தாயின் கடிதம்

"கோர்ட்டுக்குப் போகப் பணம் ஏது?" என்பது அடுத்த கேள்வி.

1988-இல் ஒரிசாவைச் சேர்ந்த ஒரு தாய், சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய இருபத்திரண்டு வயது மகனைப் போலீசார் பிடித்துப் போயிருந்தார்கள். மறுநாள் அவன் உடல் ரயில் தண்டவாளத்தின் அருகே கிடந்தது. "தப்பி ஓடும்போது ரயிலில் அடிபட்டான்" என்றார்கள் போலீசார். சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது. 1993-இல் தீர்ப்புச் சொன்னது. போலீஸ் காவலில்தான் மரணம் நேர்ந்தது. அரசாங்கம் அந்தத் தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. காவலில் இருப்பவரின் உயிருக்கு அரசாங்கமே பொறுப்பு என்பது அன்று உறுதியாயிற்று.

1986-இல் வங்காளத்திலிருந்து இன்னொரு கடிதம் போயிற்று. லாக்-அப் சாவுகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளை இணைத்து, சட்ட உதவிச் சங்கத்தின் தலைவர் டி.கே. பாசு எழுதியது. அதன் பலனாக 1996 டிசம்பர் 18-ந் தேதி, கைது செய்யும்போது போலீசார் கடைப்பிடிக்க வேண்டிய பதினொரு கட்டளைகளை சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்தது.

தமிழ்நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1993-இல் கம்மாபுரம் போலீசார் பிடித்துப் போன ஓர் ஏழைத் தொழிலாளி வீடு திரும்பவில்லை. அவர் மனைவி, சென்னை வக்கீல் சந்துரு மூலம் ஐகோர்ட்டில் ஆள்கொணர்வு மனுப் போட்டார். "ஆளைக் கொண்டுவந்து கண்ணில் காட்டு" என்று கேட்கும் மனு அது. காணாமல் போனவர் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது வெளியாயிற்று. போலீசார் தண்டனை பெற்றார்கள். சந்துரு பின்னர் ஐகோர்ட்டு நீதிபதியானார். 2021-இல் வந்த "ஜெய் பீம்" படம் இந்த வழக்கைத் தழுவியதுதான்.

துப்பாக்கிக்குத் தனிக் கணக்கு

2024 ஜூலை 11-ந் தேதி, புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் காட்டுப் பகுதியில் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். திருச்சியைச் சேர்ந்த ரவுடி ஒருவர் இறந்தார். பல வழக்குகளில் தேடப்பட்டவர் அவர். பிடிக்கப் போனபோது ஆயுதத்தால் தாக்கினார் என்றும், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றும் போலீசார் சொன்னார்கள்.

ரவுடி செத்தால் பலருக்குத் திருப்திதான். "ஒழிந்தான்" என்பார்கள். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போலீஸ் சுட்டு யார் இறந்தாலும் அதற்கும் விசாரணை உண்டு. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு பதினாறு விதிகளை வகுத்தது. உடனே வழக்குப் பதிய வேண்டும். சுட்ட போலீசாரே விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் போலீசாரோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்டிரேட்டு விசாரணையும் நடக்க வேண்டும். சம்பவம் முடிந்ததும் அவசரப்பட்டுப் பதக்கமோ பதவி உயர்வோ கொடுக்கக் கூடாது.

உண்மையில் தற்காப்புக்குச் சுட்டவருக்கு இந்த விசாரணையால் நஷ்டமில்லை. விசாரணை அவரைக் காப்பாற்றும். நஷ்டம், பொய் சொல்பவருக்குத்தான். இன்று ரவுடிக்கு விசாரணை வேண்டாம் என்று விட்டுவிட்டால், நாளை ரவுடி என்று யாரை வேண்டுமானாலும் சொல்லலாம்.

போலீஸ்காரரின் பக்கம்

இத்தனையும் படித்துவிட்டுப் போலீசார் எல்லோருமே கெட்டவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

திருவிழாவில் ஊரெல்லாம் சாமி பார்க்கும். போலீஸ்காரர் சாமிக்கு முதுகைக் காட்டி நின்று கூட்டத்தைப் பார்ப்பார். தீபாவளியன்று மற்றவர்கள் வீட்டில் இருக்க, அவர் தெருவில் நிற்பார். நேரங்கெட்ட வேலை. தூக்கம் இல்லை. "நகையை இரண்டு நாளில் கண்டுபிடி" என்று மேலதிகாரியின் அவசரம் வேறு. கண்டுபிடிக்கும் விஞ்ஞானக் கருவியும் பயிற்சியும் போதாத இடத்தில், கைக்கு எளிதாகக் கிடைப்பது லத்திதான்.

கஷ்டம் உண்டு என்பது உண்மை. ஆனால் அது அடிப்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. காவலில் ஒருவர் இறந்தால் அடித்த கான்ஸ்டபிள் மட்டும் சிக்குகிறார். அவசரப்படுத்திய மேலதிகாரி தப்பிவிடுகிறார் என்பது நெடுநாள் குறை. வாச்சாத்தித் தீர்ப்பு மேலிடத்தையும் தொட்டதால்தான் அது பெரிய தீர்ப்பு.

சட்டத்திலும் சில ஓட்டைகள் இருக்கின்றன. அரசாங்க ஊழியர் கடமையின்போது செய்ததாகச் சொல்லும் காரியத்துக்கு வழக்குத் தொடர, அரசாங்கத்தின் முன்அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. போலீசார் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று 2006-இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 2013-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் அந்த இடத்தைக் கலெக்டருக்குக் கொடுத்தது. "மாவட்ட நிர்வாகத்தில் போலீசோடு சேர்ந்து வேலை பார்ப்பவரே எப்படி நீதிபதியாவார்?" என்ற கேள்வி அதனால் எழுந்தது.

தெரிந்துகொள்ள வேண்டியவை

குடும்பத்தில் ஒவ்வொருவரும் இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கைது செய்ய வரும் போலீசார் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். என்ன காரணத்துக்காகக் கைது என்று சொல்ல வேண்டும்.

கைது நேரத்தையும் தேதியையும் எழுதிய குறிப்பு ஒன்று தயாரிக்க வேண்டும். அதில் குடும்பத்தில் ஒருவரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க அனுமதிக்க வேண்டும்.

இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட்டு முன் நிறுத்த வேண்டும். பிரயாண நேரம் இதில் சேராது. அடித்திருந்தால் மாஜிஸ்டிரேட்டிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். பயந்து மறைத்தால் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

கைதானவரை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். உடம்பில் உள்ள காயங்களை எழுத வேண்டும்.

பெண்களைச் சூரியன் மறைந்த பின்பும், உதிக்கும் முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சந்தர்ப்பத்தில் மாஜிஸ்டிரேட்டின் அனுமதி பெற்றுப் பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும். சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களையும், அறுபது தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

பிராது கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பிராதை வாங்க மறுத்தால் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்டிரேட்டிடம் மனுக் கொடுக்கலாம்.

காவலில் மரணம் நேர்ந்தால் மாஜிஸ்டிரேட்டுதான் விசாரிக்க வேண்டும் என்பது 2006 முதல் நடப்பில் உள்ள சட்டம். தேசிய மனித உரிமைக் கமிஷனுக்கு இருபத்துநாலு மணி நேரத்தில் தகவல் போக வேண்டும். சென்னையில் மாநில மனித உரிமைக் கமிஷன் 1997 முதல் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள், கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். போன் நம்பர் 15100.

கையெழுத்துக்கு முன்னால்

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்தோ, கைரேகையோ வைக்கவே வைக்காதீர்கள். விசாரணையின்போது ஒருவர் சொன்னதைப் போலீசார் எழுதிக்கொள்ளலாம். அதில் சொன்னவருடைய கையெழுத்தை வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இதை அறியாமல் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்னால் அழுபவர்கள் பலர்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயலில் நடவு நட்டவர்களும், குவாரியில் கல்லுடைத்தவர்களும் மாலையில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். சைக்கிள் விடவும் கற்றார்கள். கைரேகை வைத்த பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த ஊருக்குப் போக ஆண் துணை தேடியவர்கள், தாங்களே சைக்கிளை மிதித்துப் போனார்கள்.

அன்று பெற்ற எழுத்து எதற்கு? பஸ் போர்டு படிப்பதற்கு மட்டுமா? அதிகாரி நீட்டும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று படிப்பதற்கும்தான். அநியாயம் நடந்தால் ஒரு பிராது எழுதுவதற்கும்தான். ஒரிசாத் தாயின் கடிதம் நீதியைக் கொண்டுவந்தது. 1855-இல் வெகுதூரம் நடந்து போய் வாயால் சொல்லி அழ வேண்டியிருந்தது. இன்று ஒரு தபால் போதும்.

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. வேலி எங்கே பிய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் பயிர் வைத்தவர்தான். வேலியும் அவர் செலவில் போட்டதுதானே!